வாங்க மறுத்தவர்

செய்தி வந்தபோது அவள் மெழுகில் ஒரு கடைவாய்ப் பல்லைப் பதித்துக்கொண்டிருந்தாள். பல்செட் செய்யும் அந்தக் கூடத்தில் பகலெல்லாம் அரவை மெஷின் ஓடும். பிளாஸ்டர் தூளும் உருகிய மெழுகும் கலந்த வாடை சட்டையில் ஏறி, வீட்டுக்குப் போய்க் குளித்த பிறகும் விடாது. மேசையில் கிடந்த போன் அதிர்ந்து, ஈறு அச்சுகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் நகர்ந்து நின்றது.

"உங்கள் பார்சலைக் கொண்டுவந்தோம். வீட்டில் இருந்தவர் வாங்க மறுத்துவிட்டார். நாளை மீண்டும் முயல்வோம்."

இரண்டு தடவை படித்தாள். வீட்டில் இருந்தவர். காலையில் கதவைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வந்தவள் அவள்தான். அந்த வீட்டில் இருந்தது அவளும் அப்பாவும் மட்டும். அப்பா இறந்து இருபத்தாறு நாள் ஆகியிருந்தது.

வாசலுக்கு வந்து, செய்தியில் இருந்த கூரியர்காரரின் நம்பருக்கு அடித்தாள். பின்னால் வண்டிகளின் இரைச்சலோடு அவர் எடுத்தார்.

"அண்ணா, என் பார்சல் திரும்பிப் போயிருக்கு. வீட்ல யாரும் இல்லையே. வேணாம்னு யாரு சொன்னது?"

"பச்சைக் கேட் வீடுதானேங்க? பெரியவர் ஒருத்தர் இருந்தாரே."

"எந்தப் பெரியவர்?"

"ஜன்னல்கிட்ட நின்னாருங்க. நாலு தடவை சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். காதுகிட்ட கையைக் குவிச்சு வச்சுக்கிட்டு என் வாயையே பாத்துட்டு இருந்தாரு. கையெழுத்து போடணும்னு சைகை காட்டினேன். தலையை ஆட்டிட்டு உள்ள போயிட்டாரு. அவருக்குக் காது கேக்காதோ?"

"கேக்காது," என்றாள் அவள்.

சொல்லிவிட்டு, தான் சொன்னதை யாரோ சொன்னதுபோலக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அதான் பாத்தேன். நாளைக்கு நீங்க வீட்ல இருங்க மேடம். மூணு தடவைக்கு மேல போச்சுன்னா சரக்கு வந்த நாட்டுக்கே திரும்பிடும். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

அவள் உள்ளே போய் மீதிப் பற்களைப் பதித்தாள். ஒரு பல்கூடக் கோணலாகவில்லை. இந்த இருபத்தாறு நாளும் அப்படித்தான். பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட ஈறுபோல உள்ளே எல்லாம் தடித்து மரத்துக் கிடந்தது. எங்கே கடித்தாலும் அது தன்னுடையது இல்லை.

பார்சலில் இருந்தது காது மெஷின். அப்பாவின் பழைய மெஷின் ஊமையாகிப் போனபோது, புதியதன் விலையை உள்ளூர்க் கடையில் கேட்டுவிட்டு வாங்காமல் திரும்பினாள். வெளிநாட்டுத் தளம் ஒன்றில் அதே சாமான் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்தது. ஒன்பது நாளில் வந்துவிடும் என்று போட்டிருந்தார்கள். மூன்றே நாளில் கடல் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு ஒரே ஒரு வரிதான் திரையில் நின்றது: "சுங்கச் சோதனையில் நிறுத்தம்."

சுங்கத்தில் அதைப் பாட்டுக் கேட்கும் கருவி என்று பதிந்திருந்தார்கள். அதற்கு வரி உண்டு, மருத்துவச் சாமானுக்குக் கிடையாது. வரியைக் கட்டினால் இரண்டு நாளில் வீட்டுக்கு வரும் என்று முதல் மின்னஞ்சலிலேயே எழுதியிருந்தார்கள். அவள் கட்டவில்லை. இது காது கேட்காதவருக்கான மெஷின் என்று பதில் எழுதினாள். டாக்டர் கடிதம் கேட்டார்கள், அனுப்பினாள். அதில் முத்திரை இல்லை என்றார்கள். முத்திரையோடு அனுப்பினாள். நோயாளியின் பெயரும் ஆர்டர் போட்டவரின் பெயரும் வேறாக இருக்கிறதே என்றார்கள். மகள் என்பதற்குச் சான்று அனுப்பினாள். ஒவ்வொரு பதிலுக்கும் நாலைந்து நாள். ஒவ்வொன்றும் "தங்கள் பொறுமைக்கு நன்றி" என்றுதான் தொடங்கும்.

வெளியூரில் இருந்த தம்பி போனில் சொன்னான், "கட்டித் தொலைக்கா. நான் போட்டு விடுறேன்."

"காசு இல்லடா விஷயம். தப்பு அவங்க மேல. நான் எதுக்குக் கட்டணும்?"

அப்பா தினமும் சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும் முன்பே, தெருவுக்கே கேட்கிற குரலில், "வந்துடுச்சா பாப்பா?" என்பார். அவள் கையை விரிப்பாள். முப்பத்தொன்பதாவது நாள் தெருமுனையில் ஒரு தண்ணீர் லாரி பின்பக்கமாக வந்தது. பின்னால் வரும்போது பீப் பீப் என்று அலறிக்கொண்டே வரும் லாரி. தெருவில் எல்லோருக்கும் கேட்டது.

பத்து நாள் கழித்து அவள் வரியைக் கட்டினாள். இனிமேல் எதற்கு என்று தம்பி கேட்டான். பணம் கட்டியும் உடனே வரவில்லை. இத்தனை நாள் கிடங்கில் கிடந்ததற்கு வாடகை என்று இன்னொரு சீட்டு வந்தது. அதையும் கட்டினாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது பூட்டு போட்டபடியே தொங்கியது. திறந்து விளக்கைப் போட்டாள். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. முன்னறையில் இரண்டு நாற்காலி, மேசை, டிவி. அதை ஒட்டி அப்பாவின் அறை. அதற்கு ஜன்னல் கிடையாது, பகலிலும் விளக்குப் போட்டால்தான் கட்டில் தெரியும். தெருவைப் பார்க்கிற முன்னறை ஜன்னலின் திரை ஒரு பக்கமாக ஒதுக்கியிருந்தது. காலையில் அவளே ஒதுக்கியிருக்கலாம். அந்த இடத்தில் மட்டும், ஓர் ஆள் நிற்கிற அகலத்துக்கு, அப்பா மூட்டுக்குத் தேய்க்கிற தைலத்தின் வாடை. இரண்டு எட்டு நகர்ந்தால் இல்லை. திரும்பி வந்தால் இருந்தது.

தம்பிக்குப் போன் செய்தாள்.

"வேற வீட்டுக்குப் போயிருப்பான்க்கா. அவனுங்க டீ குடிச்சிட்டே 'வீட்டுக்கு வந்தேன், ஆள் இல்லை'ன்னு போடுற ஆளுங்க. இவன் கொஞ்சம் கற்பனை வளம் உள்ளவன் போல."

"பச்சைக் கேட்னு சொன்னாரு."

"ஊர்ல பாதிக் கேட் பச்சைதான். நீ ஒழுங்கா சாப்பிடுறியா?"

"ம்."

மறுநாள் முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டு முன்னறையிலேயே உட்கார்ந்திருந்தாள். டிவி போடவில்லை. பதினொன்று. பன்னிரண்டு. கூரை சூட்டில் எங்கோ மரம் விரிந்து டக் என்றது. தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்து, வெயில் ஜன்னல் வழியாக வந்து மேசையில் ஏறியது. ஒரு மணிக்கு வண்டிச் சத்தம் கேட்டது.

கூரியர்காரர் நாற்பது வயதுக்காரர், ஹெல்மெட்டைக் கழற்றாமலே சிரித்தார். பார்சல் ஒரு செங்கல் அளவுகூட இல்லை. நாலு பக்கமும் மஞ்சள் டேப், அதன்மேல் "சோதனைக்காகப் பிரித்து மீண்டும் ஒட்டப்பட்டது" என்ற அச்சு. அவர் நீட்டிய திரையில் விரலால் கையெழுத்துப் போட்டாள்.

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவர் நிமிர்ந்தார். அவள் தோளுக்கு மேலே, வீட்டுக்குள்ளே பார்த்தார். முகம் மலர்ந்தது. காது கேட்காதவர்களிடம் பேசுவதுபோல வாயை அகலமாகத் திறந்து, ஒவ்வோர் எழுத்தாக, "வந்துடுச்சு ஐயா" என்றார்.

அவள் திரும்பவில்லை.

"இன்னைக்கு நல்லா சிரிக்கிறாரு. நேத்துதான் பயந்துட்டாரு போல," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை அவள் வாசலைப் பார்த்தபடியே நின்றாள். பயம் என்று ஒன்று வரவேண்டும் என்று தெரிந்தது, அது வருகிறதா என்று காத்திருந்தாள். பிறகு மெதுவாகத் திரும்பினாள். நாற்காலிகள். மேசை. அப்பாவின் அறை வாசல், உள்ளே இருட்டு. யாரும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு மேசை முன்னால் உட்கார்ந்து டேப்பைக் கத்தியால் கீறினாள்.

உள்ளே வெள்ளைப் பெட்டி. அதில் இரண்டு குழிகளில் இரண்டு மெஷின்கள், ஒவ்வொன்றும் முந்திரிப்பருப்பு அளவுதான், ஒவ்வொன்றிலும் காதுக்குள் போகிற மெல்லிய குழாய். சிவப்புப் புள்ளி வலது காதுக்கு. நீலப் புள்ளி இடது காதுக்கு. மூடியைத் திறந்ததும் இரண்டிலும் ஒரு கடுகளவு பச்சை விளக்கு மின்னத் தொடங்கியது.

இவ்வளவு தூரம் வந்திருக்கிறது, யாராவது போட்டுப் பார்க்க வேண்டாமா. சிவப்புப் புள்ளி போட்டதை எடுத்து வலது காதில் மாட்டினாள்.

முதலில் ஒரு சின்ன மணியோசை. பிறகு வீடு முழுக்க ஒரேயடியாகக் காதுக்குள் வந்து கொட்டியது. ஃபிரிட்ஜின் இரைச்சல், சுவருக்குள் குழாயில் இறங்குகிற தண்ணீர், சட்டைத் துணி கழுத்தில் உரசுவது, தான் எச்சில் விழுங்குவது, கீறிய டேப் தானாக விரிந்துகொள்கிற முறுமுறுப்பு. இதையெல்லாம் கேட்கத்தான் அவர் காத்திருந்தாரா என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டிருக்கும்போதே கட்டில் கிறீச்சிட்டது.

அப்பாவின் அறைக் கட்டில். யாரோ எழுந்தால் மட்டும் வருகிற சத்தம்.

மெஷினைக் கழற்றினாள். ஒன்றுமில்லை. வெயில், தூசி, அமைதி. அவளுடைய நல்ல காதுகளுக்கு அந்த வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. ஆனால் இருப்பது கேட்காமல் உட்கார்ந்திருப்பது இன்னும் மோசமாக இருந்தது. மறுபடி மாட்டினாள்.

பாதம் தரையில் இழுபடுகிற ஓசை. ஓர் எட்டு. நிறுத்தம். இன்னோர் எட்டு.

அறை வாசலில் நின்றது.

"கேக்குது பாப்பா."

தாழ்ந்த குரல். காது போன பதினொரு வருஷமாக அவர் கத்தித்தான் பேசுவார். அதற்கு முன்பு அவருக்கு இப்படி ஒரு மென்மையான குரல் இருந்ததையே அவள் மறந்துவிட்டிருந்தாள். மரத்துக் கிடந்த இடத்தில் ஏதோ லேசாக அசைந்தது. அப்பா என்று சொல்ல வாயெடுத்தாள்.

"'இதோட பத்துத் தடவை கேட்டாச்சு,'" என்றார் அவர்.

அவளுக்குப் புரியவில்லை.

"'மென்னு முழுங்க இவ்வளவு நேரமா.' 'காது மட்டும்தான் போச்சா உங்களுக்கு.' 'உங்களால என் பாதி வயசு போச்சு.'"

கோபம் இல்லை. குறை இல்லை. வெகுநாள் கழித்துக் கைக்கு வந்த கடிதத்தைப் படிப்பதுபோல, ஓ, அன்றைக்கு இதுவா சொன்னாய் என்பதுபோல, ஒவ்வொன்றாக, வரிசை மாறாமல்.

அவள் சொன்னவைதான். அவர் முகத்துக்கு நேரே, சிரித்துக்கொண்டே, சாதாரணக் குரலில். கேட்காது என்பதால் சொன்னது. சொன்னால் மனது கொஞ்சம் இறங்கும், பிறகு தட்டில் இன்னும் கொஞ்சம் சாப்பாடு வைப்பாள். அவரும் சிரிப்பார். ஏதோ அன்பாகச் சொல்கிறாள் என்று தலையை ஆட்டுவார்.

வரிசை நகர்ந்தது. அவர் சாவதற்கு முந்தின மாதம். அதற்கடுத்த வாரம். அடுத்து எது வரும் என்று அவளுக்குத் தெரிந்தது. கடைசியாக எது வரும் என்றும் தெரிந்தது.

லாரி வந்த அன்று காலை, வேலைக்குக் கிளம்பும் அவசரம். வந்துடுச்சா என்று கேட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார். அவள் திரும்பினாள். சிரித்தாள். வாசல் பக்கம் கையை நீட்டினாள். எங்கேயாவது போய்ச் செத்துத் தொலைங்களேன் என்றாள். காலாற நடந்துவிட்டு வரச் சொல்கிறாள் என்று நினைத்தார். முகமெல்லாம் சந்தோஷம். செருப்பை மாட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் அவர் கிளம்பினார்.

குரல் நின்றது.

"கடைசியா என்னமோ சொன்னியே பாப்பா. அது மட்டும் சரியா கேக்கல."

பாதம் இழுபட்டது.

"இன்னொரு தடவை சொல்லு."

பிடுங்கி எறிந்தாள். மெஷின் தரையில் உருண்டது. அமைதி. கைகள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன. பெட்டி திறந்தே கிடந்தது.

இரண்டு குழிகள்.

இரண்டும் காலி.

அறை வாசல் இருட்டில், ஓர் ஆளின் காது இருக்கிற உயரத்தில், கடுகளவு பச்சை விளக்கு மின்னியது. அணைந்தது. மின்னியது.

வெளியே வந்தது.

ஒரு மணி வெயில் முன்னறை முழுக்க இருந்தது. ஒளிந்துகொள்ள அங்கே நிழல்கூட இல்லை. அந்தச் சின்ன மெஷின் மட்டும் காற்றில் வந்தது. இல்லாத ஒரு காதின் பின்னால் கச்சிதமாக மாட்டி, குழாய் வளைந்து உள்ளே இறங்கி. நீலப் புள்ளி அவள் பக்கம்.

அருகே வந்து நின்றது. பிறகு மெதுவாக, மிகவும் பொறுமையாக, அவள் வாய்க்கு நேராகக் குனிந்தது.