அப்புக்காத்துக்குப் பூ வைத்தவன்

"ஐயோ, அவரைக் கும்பிடாதேங்கோ! அவர் சாமியில்லை!"

சதீஸ் திடுக்கிட்டுத் திரும்பினான். வாசலில் நனைந்த குடையோடு ஒரு பெண். முன்மயிரில் மழை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. கண்கள்... அம்மாடி, அந்தக் கண்கள் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டன.

"சாமியில்லையெண்டா... பிறகு ஆர்?"

"அப்புக்காத்து, வக்கீல்! அமெரிக்காவிலை, நியூ ஜேர்சிச் சட்டசபையிலை இருந்தவர். இந்த வீட்டுக்காரச் சினியோராவின்ரை பாட்டன்ரை தம்பி. போயும் போயும் ஒரு அரசியல்வாதிக்கே பூ வைச்சனீங்கள்?"

இத்தாலியின் பலெர்மோவில் ஒரு படமும் அதற்குக் கீழே சின்னச் சிவப்பு விளக்கும் இருந்தால் அது சாமிதான். சாந்தா ரொசாலியாவைக் கும்பிட மலைக்கு வெறுங்காலோடு ஏறுகிற வன்னிப் பிள்ளை, மீசை வைத்த கோட்டுக்காரரை மட்டும் விடுவானா? இந்த வீட்டுக்குத் துப்புரவு வேலைக்கு வந்த நாளிலிருந்து பல்கனிப் பூவில் ஒன்று அவருக்குத்தான்.

"கும்பிட்டு ஏதும் கிடைச்சதோ?"

"பெர்மெசோ கிடைச்சது. இங்கை இருக்கிற விசா."

"அது குவெஸ்தூராப் பொலிஸ் தந்தது!"

"நான் கேட்டது இவரிட்டை."

அடக்கியதெல்லாம் உடைய அவள் சிரித்தாள். வெளியே மழை... உள்ளே அதைவிடப் பெரிய மழை.

அவள் பெயர் அமலினி. மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பம். இங்கேயே சட்டம் படித்து இந்த வருசம்தான் வழக்கறிஞர் ஆனவள். படத்தில் இருந்த கலோஜெரோ விட்ரானோவின் வாழ்க்கையை அமெரிக்காவில் யாரோ ஆங்கிலத்தில் புத்தகமாக எழுதியிருந்தார்கள். கண் மங்கிய சினியோராவுக்கு அதை இத்தாலியனில் சொல்லிக் காட்ட வெள்ளிக்கிழமைகளில் வந்தாள்.

வெள்ளிக்கிழமைகளில் சதீஸ் துடைத்த யன்னலையே திரும்பத் திரும்பத் துடைத்தான். அவள் இடையிடையே தமிழிலும் ஒரு வரி எறிவாள்.

"இங்கை போர்கோ வெக்கியோவிலை பிறந்து, கப்பலேறிப் போய், பகலிலை தையல், இரவிலை சட்டப் படிப்பு... கேக்குதோ, யன்னல்காரர்?"

"கேக்குது, அப்புக்காத்தம்மா."

"துறைமுகத் தொழிலாளருக்காக வழக்குப் பேசினவர். தேர்தலிலை நிண்டார். தோத்தார். அடுத்த முறை அதே வாசல்களைத் தட்டிக் கேட்டு வெண்டார்."

'கேட்க அவருக்கு வாய் இருந்தது... எனக்கு?' என்று நினைத்தான் சதீஸ்.

ஒரு வெள்ளி அவள் வாசிக்கவில்லை. சினியோரா கதிரையில் தூங்கிப்போயிருந்தார்.

"ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க லண்டனிலையிருந்து வருகினம்."

அவன் கைத்துணி நின்றது. "நல்லது... வாழ்த்துக்கள்."

"அவ்வளவுதானோ?"

"நான் வீடு துடைக்கிறவன், அமலினி. நீங்கள் வழக்குப் பேசக் கோட்டுக்குப் போறவா. உங்கடை ஐயாவுக்கு முன்னாலை தலைகுனிய என்னாலை ஏலாது."

அவள் கண்ணில் நீர்... ஆனால் குரல் நடுங்கவில்லை. புத்தகத்தைப் பட்டென்று மூடினாள்.

"இந்த மனுசன் கேட்டுத் தோத்தவர். நீங்கள் கேக்காமலே தோக்கிறீங்கள். அதிலை ஒரு பெருமை வேறை!"

ஞாயிறு மத்தியானம் ஸ்ஃபெர்ராகவால்லோ மீனவக் கிராமத்தில் கடலும் மழையும் ஒன்றாயிருந்தன. மீன் உணவகத்தின் பின்கதவடியில் சமையற்காரர் அந்தோனிமுத்து, அமலினியின் தகப்பன், கணவாய் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். தெப்பமாக நனைந்த ஒருவன் வந்து நேரே முன்னால் நின்றான்.

"ஐயா, நான் சதீஸ். வன்னி. சைவம். வீடுகள் துடைக்கிற வேலை. உங்கடை மகளைக் கட்டித் தருவீங்களோ எண்டு கேக்க வந்தனான்."

கத்தி நின்றது. "லண்டன்காரர் பின்னேரம் இங்கைதான் வருகினம், தெரியுமோ?"

"தெரியும் ஐயா. அதுதான் மத்தியானமே வந்தனான்."

அந்தோனிமுத்து அவனை ஏற இறங்கப் பார்த்தார். மீசைக்குள் ஏதோ அசைந்தது.

"இந்தக் குசினியிலை சட்டி கழுவித்தான் அவளைப் படிப்பிச்சனான். வேலையைச் சொல்லி என்னை மிரட்டேலாது, தம்பி. கோயில் கதையைப் பிறகு கதைப்பம். அவளிட்டைக் கேட்டனியோ?"

"இல்லை..."

"அப்ப என்னட்டை என்னத்துக்கு வந்தனி? திரும்பிப் பார்!"

பின்னால் அமலினி குடையில்லாமல் நின்றாள். கண்ணிமையில் நின்றது மழையா, வேறேதுமா... அவனுக்குத் தெரியவில்லை. பயம் மட்டும் போய்விட்டது.

"எனக்கு உங்களை விருப்பம், அமலினி. என்னைக் கட்டுவீங்களோ?"

"இன்னும் சத்தமாச் சொல்லுங்கோ. லண்டன்காரரை வரவேண்டாமெண்டு சொல்ல அம்மா உள்ளுக்கை போனும் கையுமா நிக்கிறா."

அவன் கடலே கேட்கிற மாதிரிக் கத்தினான்.

"ஓம்," என்றாள் அவள். "எனக்கும் விருப்பம்."