க்ளைவின் முதுகுப்பை

க்ளைவ் மெட்கால்ஃப் புல்வெளியைத் தாண்டி ஓடிவந்தபோது அவனுடைய ராணுவச் சட்டையில் பொத்தான்கள் துளை மாறிக் கிடந்தன. ஒரு கணுக்கால் பட்டை அவிழ்ந்து தரையில் இழுபட்டது.

“மேடம், என்னைத் திருடன்னு சொல்றாங்க.”

வேடிக்கை பார்க்க வந்திருந்த எட்னா சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். லீட்ஸ் ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள்கள் அலுவலகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அடுத்தவன் குடைக்குச் சொந்தம் கொண்டாடுகிறவனை முகத்தைப் பார்த்தல்ல, குடையைப் பார்த்துப் பிடிப்பார். பக்கத்திலிருந்த பஸ் ஓட்டுநர் நோரிஸ் அதற்குள் எழுந்து நின்றுவிட்டான்.

போர்க்காலத்துச் சிப்பாய்கள் எப்படிச் சாப்பிட்டார்கள், எப்படித் தூங்கினார்கள் என்று விடுமுறை நாள்களில் வாழ்ந்துகாட்டும் குழு க்ளைவுடையது. டன்கர்க் போர்முனையிலிருந்து தன் அப்பா கொண்டுவந்த எஃகுச் சவரக் கண்ணாடியை திருமதி தாக்ரே காட்சிக்குக் கொடுத்திருந்தார். காலையில் அது காணாமல் போனது. தேடியபோது க்ளைவின் பையில் கிடைத்தது.

“அஞ்சு மணிக்கு அந்தம்மா போலீஸுக்குப் போறாங்க. நான் பள்ளிக்கூடக் காவலாளி, சாவியெல்லாம் என்கிட்டதான் மேடம் இருக்கு. திருட்டுப் பேர் வந்தா வேலை போயிரும்.”

க்ளைவின் பை இருந்த கூடாரத்தில் சார்ஜன்ட் ரோலண்டும் சமையற்காரர் டெஸ்மண்டும் இருந்தார்கள். காலை அணிவகுப்பின்போது உள்ளே வந்துபோனவர்கள் அவர்கள் இருவர் மட்டுமே.

“சமையற்காரன்தான்,” நோரிஸ் கிசுகிசுத்தான். “நேத்து க்ளைவ் அவன் கஞ்சியைப் போஸ்டர் ஒட்டுற பசைன்னிருக்கான்.”

“பையிலேருந்து கண்ணாடியை எடுத்தது யாரு?” என்றார் எட்னா.

“நான்தான். மேலாப்புல இருந்துச்சு. வேற எதையும் தொடலை,” என்றார் டெஸ்மண்ட்.

நோரிஸ் பைக்குள் எட்டிப் பார்த்தான். மூன்றாக மடித்த துண்டு. முட்டை மாதிரி சுருட்டிய காலுறைகள். கரண்டிமேல் முள்கரண்டி, நுனிக்கு நுனி.

“ஒண்ணுமே இல்லையே!”

“நிறைய இருக்கு கண்ணு.” எட்னா சார்ஜன்ட்டிடம் திரும்பினார். “க்ளைவ் எப்படிப்பட்ட சிப்பாய்?”

“குப்பை. ஆறு வருஷத்துல ஒரு உடுப்புப் பரிசோதனைலகூடத் தேறலை.”

எட்னா பையை மேசைமேல் தலைகீழாகக் கொட்டினார். காலுறை பிரிந்தது. கரண்டி உருண்டு விளிம்பில் நின்றது.

“டெஸ்மண்ட், அந்தக் கஞ்சி விஷயத்துல உங்களுக்குக் கோபம் இருந்துச்சா?”

“இல்லாம? எங்கம்மா பக்குவம் அது!”

எல்லோரும் டெஸ்மண்டைப் பார்த்தார்கள். எட்னா மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோரிஸின் பார்வையும் அங்கே போனது. ஒரு கை நீண்டு கரண்டியை நேராக்கியது. முள்கரண்டியை அதன்மேல் வைத்தது. காலுறையைச் சுருட்டத் தொடங்கியது.

“சார்ஜன்ட்,” என்றார் எட்னா.

ரோலண்டின் கை நின்றது.

“இவனுக்குத் தன் சட்டையே சரியாப் போடத் தெரியாது. இந்தப் பையை இவன் அடுக்கலை. கண்ணாடியை ஒளிச்சு வைக்கத் திறந்தவருக்கு உள்ளே கிடந்த கோலம் பொறுக்கலை.”

ரோலண்ட் காலுறையை மேசைமேல் வைத்தார்.

“போர்ல செத்துப்போனவங்க உடுப்பு இது,” என்றார் ரோலண்ட். “இவன் அதைப் போட்டுக்கிட்டுக் கோமாளி மாதிரி நிக்கிறான். விரட்டணும்னு நினைச்சேன். போலீஸ் வரைக்கும் போகும்னு நினைக்கலை.”

“இதை அந்தம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க. அஞ்சு மணிக்கு முன்னாடி.”

க்ளைவ் துண்டையும் காலுறையையும் கரண்டியையும் ஒரே கையால் வாரிப் பைக்குள் திணித்து, முழங்காலால் அமுக்கினான்.

ரோலண்ட் கண்ணை மூடிக்கொண்டார்.