நசுங்காத தேசிக்காய்

முன்பக்க இடது சில்லு மட்டும் ஈரமாக இருந்தது. கொட்டகைக்குள் மழைத்தண்ணீர் வர வழியில்லை. கூரையும் ஒழுகவில்லை, மற்ற மூன்று டயர்களிலும் வெல்டிங் செய்தபோது படிந்த தூசி கலையாமல் கிடந்தது. ஆதிரை குனிந்து விரலால் தொட்டாள். பிசுபிசுத்தது. மூக்கருகே கொண்டுபோனாள். புளித்த நாற்றம், எச்சில் காய்ந்தது போல.

பீலெஃபெல்ட் நகருக்கு வெளியே, சோளவயல்களுக்கு நடுவில் ஒரு விவசாயியிடம் வாடகைக்கு எடுத்த கொட்டகை அது. உள்ளே நின்றது எழுபது வருடத்துக்கு முந்திய அமெரிக்கப் பிக்கப். கூரையை ஒரு சாண் வெட்டி இறக்கி, உடம்பை நிலத்தோடு தாழ்த்தி, பின்னால் கொழுத்த டயர் பூட்டி அதை ஹாட் ராட் ஆக்குவது அண்ணன் மதீசனின் ஆசை. வேலையெல்லாம் ஆதிரைக்கு. குடும்பத்திலேயே முதலில் பட்டம் எடுத்தவள் அவள், அதுவும் இயந்திரப் பொறியியலில். வெட்டியதும் அவள், ஒட்டியதும் அவள். படங்களில் கிரைண்டரோடு சிரித்துக்கொண்டு நின்றது அவன்.

"அண்ணா, உது அசைஞ்சிருக்கு. சில்லுக்கு முண்டு குடுத்த கட்டை வைச்ச இடத்திலை இல்லை."

"எஞ்சின் அந்த மூலையிலை கிடக்கு. ஸ்டியரிங் இன்னும் பூட்டேல்லை. பிறகென்னெண்டு அசையும்?" மதீசன் சிரித்தான். "யூனி வரைக்கும் போய்ப் படிச்சது இதைத்தானோ?"

அவள் குனிந்து கட்டையைச் சில்லோடு ஒட்டித் தள்ளி வைத்தாள். அந்தக் கேள்வி எப்போதும் அவளை வேலைக்குத் திருப்பிவிடும்.

தேசிக்காய் அவளுக்கு அன்றே நினைவுக்கு வந்தது. புதுச் சில்லுகள் பூட்டிய நாள் மதீசன் கற்பூரம் கொளுத்தி, நாலு சில்லுக்கும் முன்னால் நாலு தேசிக்காய் வைத்துப் படம் எடுத்தான். எல்லா வீட்டிலும் செய்வதுதான். பிறகு வேறு யாருடைய இரத்தத்தையும் கேட்காதே என்று வாகனத்துக்கு முதலிலேயே கொடுத்துவிடும் பலி அது. ஆனால் வாகனம் அதை ஏறி நசுக்க வேண்டும். எஞ்சின் இல்லாத வாகனம் எதை நசுக்கும்? "நல்ல காயள், வீணாக்கக் கூடாது" என்று மதீசன் நாலையும் பொறுக்கி, பிழிந்து, சீனி போட்டுக் கரைத்தான். அவன் ஒன்று, ஆதிரை ஒன்று. எட்டு மாத வயிற்றோடு நின்ற அவன் மனைவி அம்பிகா இரண்டு. "எனக்கொண்டு, உள்ளை இருக்கிறவருக்கொண்டு."

வண்டியின் வாய்க்கு வைத்ததைப் பறித்து அவர்கள் குடித்திருந்தார்கள்.

அடுத்த கிழமை கட்டை மாவாகிக் கிடந்தது. உடைந்திருக்கவில்லை. அரைத்தது போல் இருந்தது. அதற்கடுத்த கிழமை விவசாயியின் சாம்பல் பூனை அந்த இடது சில்லின் அடியில் கிடந்தது. தோல் ஒரு பக்கம், எலும்பு ஒரு பக்கம், தலை இருந்த இடத்தில் டயரின் வரி. ஒரு தடவை ஏறி இறங்கியதல்ல. முன்னும் பின்னுமாக, பொறுமையாக, பல தடவை. ஆதிரை மண்வெட்டியால் சுரண்டி எடுத்தாள். சிமெந்துத் தரையில் ஒரு சொட்டு இரத்தம்கூட இல்லை. டயர் மட்டும் ஈரமாக மினுங்கியது.

"அண்ணா, அம்பிகா மச்சாளை இஞ்சை சாப்பாடு கொண்டு வர விடாதை."

"ஏன்?"

ஏன் என்று அவளால் சொல்ல ஏலவில்லை. அவன் சிரிப்பான். சிரித்தால் சுத்தியலால் அடித்துவிடுவாள்.

சனிக்கிழமை தமிழ்க் கடையில் நாலு தேசிக்காய் வாங்கிக்கொண்டு வந்தாள். குளிர்காலம், நாலு மணிக்கே வெளியே இருட்டிவிட்டது. கட்டைகளை உதைத்து அகற்றிவிட்டு, சில்லுகளுக்கு முன்னால் காய்களை வைத்துக்கொண்டிருந்தபோது மதீசன் வந்தான்.

"ஆரிது, ஐயரம்மாவோ?"

"வாயை மூடிக்கொண்டு தள்ளு."

அவள் முகத்தில் அவன் என்ன கண்டானோ, பகிடியை விட்டுவிட்டுப் பின்னால் வந்து தோள் கொடுத்தான். வெறும் கூடு, இலேசாக உருண்டது. சில்லுகள் காய்களின் மேல் ஏறின. இறங்கின. சத்தம் வரவில்லை.

நாலும் முழுசாக இருந்தன. பச்சையாக, பளபளப்பாக.

"எடி, பிளாஸ்டிக்கே வாங்கினனீ?" மதீசன் பக்கவாட்டில் குப்புறப் படுத்து, முன்சில்லுக்குப் பின்னால் தலையை நுழைத்து ஒன்றை எடுத்தான். அமத்தினான். சாறு அவன் விரல்களுக்கிடையே வழிந்தது. "இல்லையே, நல்ல காய்தான்."

வண்டி பின்னோக்கி உருண்டது.

பின்னால் நின்ற ஆதிரை அதைத் தோளில் தாங்கினாள். சற்றுமுன் இலேசாக உருண்ட கூடு இப்போது மலையாகக் கனத்தது. அவளுடைய சப்பாத்துகள் தரையில் வழுக்கின. "எழும்பு. அண்ணா, எழும்பு." அவன் கால்கள் தரையை உதைத்தன. ஒரு சப்பாத்துக் கழன்று பறந்தது. மெதுவாக. அவ்வளவு மெதுவாக. முதலில் முடி இழுபடும் சத்தம். பிறகு அவன் குரல், ஒரு எழுத்தும் இல்லாத குரல். பிறகு முட்டைக்கோது உடைவது போல.

கால்கள் நின்றன.

வண்டியும் நின்றது.

இரத்த நாற்றம் இல்லை. கொட்டகை முழுவதும் தேசிக்காய் வாசம். வாயில் எச்சில் ஊறியது அவளுக்கு. அவள் இன்னும் தள்ளிக்கொண்டிருந்தாள். கைகளை எடுக்கத் தெரியவில்லை.

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம். சரளைக்கல்லில் கனத்த, மெதுவான நடை.

"ஆதிரை, கதவைத் திற பிள்ளை. கை நிறையச் சாமான்."

"வராதேங்கோ மச்சாள். போங்கோ. போங்கோ."

"என்ன? கேக்கேல்லை. பொறு, நானே திறக்கிறன்."

தகரக் கதவு தண்டவாளத்தில் நகரத் தொடங்கியது. ஸ்டியரிங் இல்லாத முன்சில்லுகள் இரண்டும் ஒன்றாய்த் திரும்பின, கார் விளக்கின் வெளிச்சம் வந்த பக்கம். ஆதிரையின் கைகளுக்குள் இருந்த இரும்பு, இவ்வளவு நேரம் அசையாத இரும்பு, இலேசாகியது.

முன்னால் உருண்டது.