மூச்சு முட்டுதுங்க

மூடிக் கிடந்த சாயப்பட்டறையின் கேட்டுக்கு முன்னால் மயில்சாமியின் பைக் நின்றதும் சித்ராதேவி முதலில் மோந்துதான் பார்த்தாள். இருபது வருஷமாகச் சாயக்கழிவு நீரோடு மாரடிக்கிறவளுக்குக் கண்ணைவிட மூக்குத்தான் முதலில் வேலை செய்யும். அழுகிய முட்டை வாடை. அதற்கடியில் பழைய சாயத்தின் கசப்பு. எல்லாம் அவள் எதிர்பார்த்ததுதான்.

"வாங்கக்கா, இப்பிடித்தானுங்க கிடக்குது" என்றான் மயில்சாமி. அவன் வேலம்பாளையத்துக்காரன், குழாய் பம்பு வேலை எல்லாம் பார்க்கிற பிட்டர். முப்பது வயதுக்கு முன்னாலேயே முடி நரைக்க ஆரம்பித்திருந்தது.

பட்டறையைப் புது முதலாளி வாங்கியிருந்தார். தறியும் பனியனும் ஓடுகிற ஊரில் சாயம் போடாமல் எத்தனை நாள் இருக்க முடியும்? ஆனால் சுத்திகரிப்பு நிலையம் உயிரோடு இருந்தால்தான் பட்டறை திறக்கலாம். அந்த உயிரைக் கொடுக்கத்தான் சித்ராதேவியைக் கூப்பிட்டிருந்தார்கள். இந்த மாதிரி எத்தனையோ இடம் பார்த்துவிட்டாள். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்கிற அலுப்பு காலையிலேயே அவளுக்குத் தொடங்கிவிடும்.

பெரிய தொட்டியில் தண்ணீர் கறுப்பாக, அசையாமல் கிடந்தது. ஒரு கொசுகூட அதன்மேல் உட்காரவில்லை. மூச்சில்லாத தண்ணீர் அப்படித்தான் இருக்கும். அடியில் இருக்கிற குழாய்கள் வழியாகக் காற்றை ஊதிக்கொண்டே இருந்தால், கழிவைத் தின்கிற நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லப் பிழைத்துக்கொள்ளும். தண்ணீர் தெளியும். அது பொறுமையான வேலை.

கஷ்டமான வேலை அதற்குப் பக்கத்தில் இருந்தது. தரைக்கடியில் இறக்கிக் கட்டி, இரும்பு மூடி போட்ட சேற்றுத் தொட்டி. வருஷக் கணக்கில் உள்ளே அழுகிக் கிடந்த சேறு விஷவாயுவைக் கக்கிக்கொண்டிருந்தது. அதை அப்படியே வெளியே திறந்துவிட முடியாது. பெரிய விசிறி வைத்து உறிஞ்சி, ஸ்க்ரப்பர் என்கிற கோபுரத்துக்குள் அனுப்பி, காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, விஷம் போன பிறகுதான் புகைபோக்கி வழியாக விட வேண்டும்.

அவள் மூடியின் அருகில் குனிந்தபோது பின்னால் கேட்டுக்கொண்டிருந்த துடைப்பச் சத்தம் நின்றது.

"அம்மணி, அதுகிட்டத் தனியாப் போவாதீங்க."

வேலாத்தாள். பழைய முதலாளி காலத்திலிருந்து அங்கே கூட்டிப் பெருக்குகிறவள்.

"கேஸ் இருக்குதுன்னு தெரியுங்க. பார்த்துக்கறேன்."

"கேஸைச் சொல்லலீங்க." வேலாத்தாள் குரலைத் தாழ்த்தினாள். "மூணு பேரு போயிட்டாங்க இதுக்குள்ள. மொதல்ல ஒருத்தன் எறங்குனான், விழுந்துட்டான். அவன் கூப்பிடறான்னு அவன் மச்சான் எறங்குனான். மச்சான் கூப்பிடறான்னு இன்னொருத்தரு. நான் அந்தப் பக்கந்தான் கூட்டிட்டு இருந்தேன். எனக்கு ஒரு சத்தமும் கேக்கலீங்க. எறங்குனவங்களுக்கு மட்டுந்தான் கேட்டுது."

சித்ராதேவி மூடியை விட்டு ஓரடி நகர்ந்தாள். ஒருவனைக் காப்பாற்றப் போய் இன்னொருவன் சாவது இந்தத் தொழிலில் புதிதல்ல. ஆனால் அவளுக்கு ஒன்று உறுத்தியது. அந்த வாயு அடர்ந்திருக்கிற இடத்தில் இரண்டு முறை மூச்சிழுத்தால் ஆள் கட்டையாக விழுவான். கூப்பிடுவதற்கு நெஞ்சில் காற்றிருக்காது.

அப்படியானால் கூப்பிட்டது யார்?

அலுப்பில் அந்த நினைப்பையும் அப்படியே விட்டுவிட்டாள்.

சில நாட்களில் காற்று ஊதும் இயந்திரம் ஓடத் தொடங்கியது. கறுப்புத் தண்ணீர் கொதிப்பதுபோல் புரண்டது. பிறகு பழுப்பானது. ஒரு காலையில் அதிலிருந்து மழை நனைத்த மண்ணின் வாசனை வந்தபோது சித்ராதேவி வெகுநேரம் அங்கேயே நின்றாள். செத்தது பிழைக்கும்போது வருகிற வாசனை அது.

சேற்றுத் தொட்டியின் மூடியைத் திறந்த அன்று ஐப்பசி மேகம் கவிந்திருந்தது. உச்சிப்பொழுதிலேயே வெளிச்சம் சாம்பல் நிறமாக இருந்தது. உறிஞ்சும் குழாயை உள்ளே இறக்க வேண்டும். அதற்கு முன் மயில்சாமி ஏதோ போல்ட்டை முறுக்கக் கோபுரத்தின் பின்பக்கம் போயிருந்தான். அவள் மூடியோரம் நின்று காத்திருந்தாள்.

திடீரென்று முட்டை வாடை நின்றுபோனது.

காற்று சுத்தமாக, மெலிதாக, குளிர்ந்து இருந்தது.

"அக்கா..."

கீழேயிருந்து.

"அக்கா... மூச்சு முட்டுதுங்க."

மயில்சாமியின் குரல். அந்த 'ங்க'வை அவன் கொஞ்சம் இழுக்கிற இழுப்புகூட அப்படியே இருந்தது. எப்போது இறங்கினான்? எப்படி இறங்கினான்? அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கை இரும்பு ஏணியைப் பிடித்தது. கால் முதல் படியில் இருந்தது. கீழே இருட்டு பளபளத்தது. அதில் எதுவோ மெல்ல அவள் பக்கமாக முகத்தைத் திருப்புவதுபோல் இருந்தது.

"சீக்கிரம் வாங்கக்கா."

"அக்கா! என்னக்கா பண்றீங்க?"

இது மேலேயிருந்து வந்தது. கோபுரத்தின் இரும்புப் படிக்கட்டில் ஸ்பேனரோடு நின்றிருந்தான் மயில்சாமி.

அவள் காலை உருவிக்கொண்டு தரையில் விழுந்தாள். புரண்டு, தவழ்ந்து, மதிலோரம் போய் இருமினாள். வாடை மறைந்தால் காற்று சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமல்ல, மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தம். புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவருக்கும் அவளே சொல்லித் தருகிற முதல் பாடம் அது. அவளுக்கே மறந்துபோயிருந்தது.

"முகமூடியப் போட்டுட்டு அந்த மூடிய இழுத்து மூடு மயிலு" என்றாள் மூச்சு வாங்கியபடி. "இன்னைக்கு வேண்டாம். நான் மேனேஜருக்குப் போன் பண்ணிட்டு வரேன்." கேட்ட குரலைப் பற்றி அவனிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அதுதான் தப்பாகப் போனது.

ஆபீஸ் அறையில் மேனேஜர் போனை எடுக்கவில்லை. ஜன்னல் வழியே தற்செயலாகப் பார்த்தாள்.

மயில்சாமியின் முகமூடி தரையில் கிடந்தது. அவன் இடுப்புவரை தொட்டிக்குள் இருந்தான்.

அவள் ஓடினாள். முழங்கால் வலி, களைப்பு எதுவும் நினைவில்லை. மேசையிலிருந்த, விஷவாயு பட்டால் அலறுகிற கேஸ் மீட்டரை ஏன் கையில் எடுத்தாள் என்றும் தெரியாது.

"மயிலு! நில்லு!"

அவன் நிமிர்ந்து பார்த்தான். பார்த்ததும் அவன் முகம் வெளிறியது. அவளையும் கீழேயும் மாறி மாறிப் பார்த்தான்.

"நீங்க... நீங்க கீழதானுங்களே இருக்கீங்க?"

அப்போது அவளுக்கும் கேட்டது. தொட்டிக்குள்ளிருந்து. அவளுடைய சொந்தக் குரல். அலுப்பும், லேசான கரகரப்பும் அப்படியே.

"அவ நானில்ல மயிலு. நாந்தான் இங்க கிடக்கறேன். மூச்சு முட்டுது, கைய குடு."

அவன் ஒரு படி இறங்கினான்.

கிட்டே போய் இழுக்கலாம். ஆனால் அவன் அவளைப் பேய் என்று நினைத்து உதறினால் இரண்டு பேரும் உள்ளே போவார்கள். பிறகு வேலாத்தாள் வருவாள். அவளுக்கும் யாராவது கூப்பிடுவது கேட்கும்.

"என்னையும் நம்ப வேண்டாம்" என்றாள் சித்ராதேவி. அவள் குரல் நடுங்கவில்லை. நடுங்கக்கூடத் தெம்பில்லாத குரல் அது. "இந்த மீட்டரைக் கையை நீட்டிக் கீழ காட்டு. மூச்சை அடக்கிக்க."

மீட்டரைத் தரையோடு தள்ளிவிட்டாள். அவன் அதைப் பிடித்து, அதில் கட்டியிருந்த கயிற்றோடு கீழே தொங்கவிட்டான். மறுகணமே அது வீறிட்டு அலறியது. நிற்கவேயில்லை.

"கேட்டுதா? அந்தக் காத்துல ஒரு ஆளு இருந்தா பேச முடியுமா? நானா இருந்தாலும், ஆரா இருந்தாலும்?"

மயில்சாமி கண்ணை மூடினான். கீழே அவள் குரல் கெஞ்சியது. அழுதது. பிறகு அவன் பெயரை வேறு ஒரு பெண்ணின் குரலில் சொன்னது. அவன் உதடு துடித்தது.

அவன் ஏறி வந்தான்.

மேலே வந்து விழுந்தவனைச் சட்டையைப் பிடித்து மதில்வரை இழுத்துப் போனாள். காற்று வீசுகிற பக்கம் உட்கார்த்திவைத்தாள். அவன் வாந்தி எடுத்தான். பிறகு சின்னப் பிள்ளைபோல் சொன்னான்: "கடைசியாக் கூப்பிட்டது எங்க அம்மாங்க. அவிய போயி ரொம்ப வருஷமாச்சு."

அவள் முகமூடியைப் போட்டுக்கொண்டு போய் மூடியை இழுத்து மூடினாள்.

மறுநாள் முகமூடியும் முதுகில் காற்று சிலிண்டரும் மாட்டிய ஆட்கள் வந்து உறிஞ்சும் குழாயை இறக்கினார்கள். விசிறி நாள் கணக்கில் ஓடியது. வாயு முழுவதும் கோபுரத்தில் ஏறி, காஸ்டிக்கில் கழுவப்பட்டு, வாடையே இல்லாமல் வானத்துக்குப் போனது. மீட்டர் அமைதியானது. சேற்றை அள்ளினார்கள். தொட்டியின் அடித்தரை வெறும் சிமெண்டாகத் தெரிந்தது. ஒரு துணிகூட, ஒரு எலும்புகூட இல்லை. சித்ராதேவி ஓரத்தில் நின்று காது கொடுத்தாள். எதுவும் கூப்பிடவில்லை.

"போயிருச்சுங்களா?" என்றான் மயில்சாமி.

"போயிருச்சு."

வேலாத்தாள் மூடியின் மேல் ஒரு கற்பூரம் ஏற்றினாள். யாரும் தடுக்கவில்லை.

வேலை முடிந்த அன்று சித்ராதேவி பஸ் ஏறுவதற்காகச் சாமளாபுரத்துத் தறிக்காரர் வீதி வழியாக நடந்தாள். சாயங்கால வெயில். காற்று பட்டறைப் பக்கமிருந்து இதமாக வீசிக்கொண்டிருந்தது. உடம்பு முழுக்க அலுப்பு இருந்தாலும் அது நிம்மதியான அலுப்பு. இருபுறமும் தறிகள் தடதடத்துக்கொண்டிருந்தன.

ஒரு தறி நின்றது.

பக்கத்து வீட்டுத் தறியும் நின்றது.

பிறகு எதிர்ப்பக்கம். ஒவ்வொன்றாக வீதி முழுக்க நின்றுபோனது. அத்தனை சத்தத்துக்குப் பிறகு வந்த அமைதியில் அவளுக்குக் காது அடைத்தது. கதவுகள் திறந்தன. நூல் தூசி படிந்த தலைகளோடு ஆட்கள் வாசலுக்கு வந்து, ஒருவரையொருவர் பார்க்காமல், அங்கும் இங்கும் தேடினார்கள்.

ஒரு பெண் நடுவீதிக்கு ஓடி வந்தாள். கையில் நூல் சுற்றிய ஊடைத் தார் அப்படியே இருந்தது.

"என்ற பையன் கூப்பிடறானுங்க. உங்களுக்குக் கேட்டுதுங்களா?"

"உங்க பையன் எங்க இருக்காருங்க?" என்றாள் சித்ராதேவி.

"பெங்களூர்லீங்க." அந்தப் பெண் அதைச் சொல்லிவிட்டு, தான் சொன்னதையே கேட்டவள்போல ஒரு கணம் விழித்தாள்.

பிறகு அவள் முகம் மெல்ல மேலே உயர்ந்தது. வீதி முழுக்க எல்லா முகங்களும் மேலே உயர்ந்தன. காற்று வரும் திசைக்கு, புகைபோக்கியின் பக்கம். அங்கே வானம் தெளிவாக, எந்த வாடையும் இல்லாமல் இருந்தது.

"இதோ வந்துட்டேன் கண்ணு" என்றாள் அந்தப் பெண், வானத்தைப் பார்த்து. நடக்கத் தொடங்கினாள்.