ஏழாவது டிக்

மிளகுக்கு வயது பத்து. வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆள் இத்தனூண்டு, பேச்சில் மட்டும் காரம் என்பதால் தெருவே அவளை அப்படித்தான் கூப்பிட்டது. அவளுடைய அண்ணனுக்கு விஞ்ஞானி என்று பெயர். அந்தப் பட்டத்தை அவனே தனக்குச் சூட்டிக்கொண்டான்.

அன்று சனிக்கிழமை. மதியம் இரண்டு மணிக்கு அம்மா ஹெட்போனை மாட்டிக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தாள். ஒரு கால்நடை மருத்துவர் ஒலிப்பதிவு ஒன்றை அனுப்பியிருந்தார். எந்த நாய்க்கு என்ன நோய், எந்தப் பூனைக்கு என்ன மருந்து என்று அவர் பேசிப் பதிவு செய்வார். அதைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுக்க அவருக்கு ஓர் ஆள் தேவை.

ஆறு நிமிடப் பதிவுதான் தேர்வு. புரியாத இடத்தில் ஒரு கோடு போட்டு விட்டுவிடலாம். ஆனால் மூன்று கோடுகளுக்கு மேல் போனால் வேலை கிடையாது. ஐந்து மணிக்குள் அனுப்பிவிட வேண்டும்.

இந்த வேலை கிடைத்தால் அம்மா வீட்டிலிருந்தே செய்யலாம். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் ஊரின் மறுகோடியில் இருக்கும் கிடங்கு அலுவலகத்துக்குப் போக வேண்டும். இரண்டு பேருந்து மாறி, அம்மா வீடு திரும்ப ஒன்பது மணியாகிவிடும். அதற்குள் மிளகு தூங்கியே போய்விடுவாள்.

"எத்தனை கோடும்மா?"

"பதினாலு" என்ற அம்மா, சட்டென்று திரும்பிப் பார்த்தாள். "பின்னாடி நாய் ஏதாவது நிக்குதா?"

பின்னால் துணிக்கூடைதான் இருந்தது.

"தள்ளுங்க, தள்ளுங்க!" என்று விஞ்ஞானி வந்தான். "இதுக்குப் புது சவுண்ட் கார்டு போட்டதே நான்தானே? சத்தத்தை நல்லாக்க இதுல ஏழு டிக் இருக்கு. ஆறைப் போட்டு வச்சிருக்கேன். ஏழாவதையும் போட்டுட்டா பிரமாதமா இருக்கும்!"

போட்டான். அம்மா மறுபடி கேட்டாள். மருத்துவர் குகைக்குள் போய்விட்டார். பதிவில் இருந்த நாய் மட்டும் குகை வாசலில் நின்று குரைத்தது. முன்பு நன்றாகக் கேட்ட இடங்கள் கூட இப்போது கலங்கிப் போயின. கோடுகள் பத்தொன்பது ஆயின.

அம்மா ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். "விடுங்கடா. என் காதுலதான் ஏதோ கோளாறு போல."

மிளகுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மா காதிலா கோளாறு? சமையலறையில் சர்க்கரை டப்பாவை எவ்வளவு மெதுவாகத் திறந்தாலும், வாசலில் இருந்தே "யாரது?" என்று கேட்கிற காது அது. போன வாரம் கூட மிளகு கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள். அப்படியானால் கோளாறு வேறெங்கோதான் இருக்க வேண்டும்.

"அம்மா, நீ போய் டீ குடி. எனக்குக் கொஞ்ச நேரம் குடு" என்றாள். பிறகு அண்ணனைப் பிடித்தாள். "இந்த டிக்கெல்லாம் எதுக்கு?"

"இது பேஸ். தடதடன்னு அதிரும். இது சரவுண்ட். நாலு பக்கமும் சத்தம் வரும். இது ஹால் எஃபெக்ட். பெரிய மண்டபத்துல இருக்கிற மாதிரி எதிரொலிக்கும். கேம்ல குண்டு வெடிச்சா எப்படி இருக்கும் தெரியுமா!"

"டாக்டர் ஒண்ணும் வெடிக்கலையே."

விஞ்ஞானி தலையைச் சொறிந்தான். "சரி, ஏழையும் ஒரேயடியா எடுத்துடலாம்."

"வேண்டாம். அப்புறம் எது கெடுக்குது, எது உதவுதுன்னு எப்படித் தெரியும்? ஒவ்வொண்ணா எடுப்போம்."

பதிவில் பத்து வினாடி நீளத்துக்கு ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தாள். ஒரு டிக்கை எடுப்பாள், அந்தப் பத்து வினாடியைக் கேட்பாள், நோட்டில் எழுதிக்கொள்வாள். பேஸை எடுத்ததும் சிங்கம் மாதிரி கர்ஜித்த நாய் வெறும் நாயாகியது. சரவுண்டை எடுத்ததும் துணிக்கூடைப் பக்கத்திலிருந்து முன்னால் வந்தது. ஹால் எஃபெக்டை எடுத்ததும் மருத்துவர் குகையை விட்டு வெளியே வந்தார். இப்படி ஆறு டிக்குகளும் போயின.

"ஏழாவதையும் எடு. அதைப் போட்டப்புறம்தானே பத்தொன்பதாச்சு" என்றான் அண்ணன், குரல் இறங்கி.

எடுத்தாள். மருத்துவரின் குரல் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தின் வாலும் காணாமல் போனது. அவர் நாயைப் பார்க்கக் குனிந்தபோதெல்லாம் குரல் தேய்ந்துவிட்டது. மறுபடி டிக்கைப் போட்டாள். வால் திரும்பி வந்தது!

"அண்ணா, இது எதுக்கு?"

"மெல்லிய சத்தத்தைத் தூக்கி, பெரிய சத்தத்தைக் குறைச்சு, எல்லாத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும்."

"அதான்! எதிரொலி இருந்தப்ப அதையும் சேர்த்துத் தூக்கிடுச்சு. இப்ப பேச்சை மட்டும் தூக்குது. இது நல்ல டிக்!"

"அதைப் போட்டது நான்தான்" என்றான் விஞ்ஞானி. முகம் மலர்ந்துவிட்டது.

"நீயேதான்" என்றாள் மிளகு, பெரிய மனது பண்ணி.

அம்மா வந்து ஹெட்போனை மாட்டினாள். அவள் புருவம் உயர்ந்தது. விரல்கள் தடதடவென்று ஓடின. பதினொன்று, ஏழு என்று கோடுகள் குறைந்துகொண்டே வந்தன. நாலே முக்காலுக்கு நான்கில் வந்து நின்றன.

இன்னும் ஒன்று குறைந்தாக வேண்டும். விஞ்ஞானி எழுந்து மின்விசிறியை நிறுத்தினான். மிளகு மூச்சைக் கூடப் பிடித்துக்கொண்டாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தை மூன்று தடவை கேட்டாள்.

"காதுக்குள்ள புல் விதை!" என்று கத்தினாள். "அந்த நாயோட காதுக்குள்ள புல் விதை போயிருக்கு! அதான் அப்படிக் குரைச்சிருக்கு, பாவம்!"

மூன்று கோடுகள். ஐந்து மணிக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது அம்மா அனுப்பினாள்.

ஆறு மணிக்கு மருத்துவரே கூப்பிட்டார். "அந்த நாய் குரைச்ச இடத்துல நான் என்ன சொன்னேன்னு எனக்கே மறந்துபோச்சும்மா. நீங்க எழுதினதைப் பார்த்துத்தான் ஞாபகம் வந்துச்சு. திங்கட்கிழமையே ஆரம்பிச்சுடுங்க!"

விஞ்ஞானி மிளகைத் தோளில் தூக்கிக்கொண்டு அறையைச் சுற்றி வந்தான். அவள் இரண்டு கைகளையும் உயர்த்தி, கூரை அதிரக் கூச்சல் போட்டாள். அம்மா சிரித்துக்கொண்டே கிடங்கு அலுவலகத்தின் எண்ணை அழுத்தினாள்.

"சார், நான் திங்கட்கிழமை வரலைங்க. எனக்கு வேற வேலை கிடைச்சிருக்கு. வீட்டுலயே!"

மறுமுனையில் இருந்தவருக்கு முதல் தடவையே தெளிவாகக் கேட்டுவிட்டது. இருந்தாலும் அந்தக் கடைசிச் சொல்லை அம்மா இன்னொரு தடவை சொன்னாள்.