71-க்குப் பின்னால் ஓர் எழுத்து

ட்ரிங்... ட்ரிங்...!

பாய்ந்து போனை எடுத்தாள் அவள். ஒரு தொழிற்சாலையின் புரோகிராமர்.

“அக்கா! என்னைக் கோர்ட்டுக்குக் கிளப்பறாங்க... சத்தியமா நான் கிடங்குக்குள்ள போகவே இல்லக்கா!”

தம்பி! அதே தொழிற்சாலையில் லோடு ஏற்றுகிறவன். நுழைவு அட்டை எண் 71.

லைன் அறுந்தது.

காலையில் கிடங்குக்குள் காவலாளியின் பிணம். மண்டை பிளந்திருந்தது. முந்தின இரவு 9.42-க்குக் கதவைத் திறந்த அட்டை 71 என்று அடித்துச் சொன்னது ஒரு புரோகிராம்.

அவள் எழுதியது!

எதிரே இன்ஸ்பெக்டர். பக்கத்தில் மேனேஜர், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு.

“ரிப்போர்ட்டை பிரின்ட் எடுத்துக் குடுங்கம்மா. நேரமாகுது.”

“அஞ்சே நிமிஷம் சார்... உங்க கால்ல விழறேன்!”

“கூடப் பொறந்தவன். மனசு கேக்காதுதான்,” என்றார் மேனேஜர். “நானும் ஒரு வாரமா கிடங்குப் பக்கம் தலைவெச்சுப் படுக்கல. போயிருந்தா தடுத்திருப்பேன்.”

கதவுப் பூட்டு தானாகப் பதிந்துவைக்கும் அசல் பைலைத் திறந்தாள். 9.38... 9.40... 9.42...

திரையருகே குனிந்தாள்.

71B!

போன மாதம் எண்ணோடு எழுத்தும் கலந்து வந்தபோது புரோகிராம் படுத்துவிட்டது. மேனேஜர்தான் வழி சொன்னார். ‘எழுத்தை விட்டுடும்மா. எண் மட்டும் போதும்.’ அவளும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினாள். எழுத்தைக் கண்டால் கத்தரித்துவிடு என்று எழுதிவைத்தாள். தம்பி கழுத்துக்குக் கயிறு திரித்தது தானேதான் என்று புரிந்ததும் அழுகை முட்டியது.

“சார்! இது 71 இல்ல... 71B! எழுத்து வர்றது அதிகாரிங்க அட்டையில மட்டும்தான்!”

இன்ஸ்பெக்டர் திரும்பினார். “71B யாரு?”

“அ... அப்படி யாரும் இல்லையே...”

சொல்லும்போதே, கழுத்தில் தொங்கிய அட்டையை மேனேஜரின் கை பொத்தியது.

“கையை எடுங்க.”

எடுக்கவில்லை. இன்ஸ்பெக்டரே எடுத்தார்.

71B!

மேனேஜர் பொத்தென்று நாற்காலியில் விழுந்தார். “நான் சரக்குக் கடத்தறதைக் காவலாளி பாத்துட்டான் சார்... அதான்...”

“ஏட்டு! அந்தப் பையனை வண்டியை விட்டு இறக்கிவிடு!” இன்ஸ்பெக்டர் போனில் கத்தினார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

“கவலைப்படாதீங்க சார். ஜெயில்லயும் நீங்க சொன்ன மாதிரியேதான் குடுப்பாங்க... எண் மட்டும்!”