உள்ளங்கை மேல் உட்காருதல்

உலகம்மாள் பயிற்சி விமானத்தில் ஏறியதும், உப்பளத்தில் வெடித்துப்போன உள்ளங்கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள். ஆசிரியர் வேலைக்கு வருகிறவர்களுக்கு அதுதான் முதல் பாடம். மாணவன் தப்புச் செய்யும்போது கை தானாக ஓட்டுகோலுக்குப் பாயும். பாயக் கூடாது.

மெக்கானிக்குகள் வழக்கம்போலக் கண்ணாடியைத் தட்டினார்கள். "இறங்கிரு தாயி, றெக்கை ஆடுது." ஏறின ஆளைக் கலைப்பதும் தேர்வில் சேர்த்திதான். அவள் சிரித்துக்கொண்டே கைகளை இன்னும் அமுக்கினாள்.

மாணவன் மனிதனில்லை. விமானம் ஓட்டும் எந்திர மூளை, பெயர் வலவன். சுழல்வீழ்ச்சியில், அதாவது ஸ்பின்னில், சிக்கி மீள்வதை மட்டும் வலவன்கள் மனிதரிடம்தான் கற்க வேண்டும் என்பது சட்டம். வானத்தில் மனிதருக்கு மிஞ்சிய வேலை அது ஒன்றுதான். தேறினால் அது அவளுக்கு. இல்லையென்றால் மறுபடி உப்பளம்.

"தரை நெருங்குதுன்னு மணி அடிக்கிற வரைக்கும் பொறு தாயி, தானாக் கத்துக்கிடட்டும்," ரேடியோவில் தேர்வாளர் ராயப்பன் சொன்னார். "முந்திக் கை வச்சவன் பரோட்டாக் கடையில மாவு பிசையுதான்."

"என் கை மரத்தே போச்சு அண்ணாச்சி."

வலவன் மூக்கைத் தூக்கியது. வேகம் செத்து, இடது இறக்கை சரிந்தது. கரிசல் காடு பம்பரமாய்ச் சுற்றியது. கோலை முன்னே தள்ள வேண்டிய வலவன் பின்னாலேயே இழுத்துக்கொண்டிருந்தது. அவள் பொறுத்தாள். மணி அடித்தது.

"என் கையில்," என்று கோலைப் பிடித்தாள்.

"உங்கள் கையில்" என்று சொல்லி வலவன் விட்டுவிட வேண்டும். சொல்லவில்லை. கோலும் மிதியும் இறுகிக் கிடந்தன.

"அண்ணாச்சி, விட மாட்டேங்கு."

பதில் ரேடியோவில் வரவில்லை. ராயப்பனின் பேச்சு இழுப்பிலேயே வலவன் பேசியது. "பொறு தாயி. தானாக் கத்துக்கிடுவ."

பனைமட்டைகள் தனித்தனியாகத் தெரிந்தன. எந்த மனிதனும் இவ்வளவு பொறுக்க மாட்டான். அதற்குள் பயம் அவன் கையை நீட்டிவிடும். வலவனுக்கோ பயமில்லை. பனையுச்சியை உரசித்தான் விமானத்தை நிமிர்த்தியது.

தரையில் ராயப்பன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "சட்டம் மாறிட்டு உலகு. வாத்தியார் தேர்வு வலவனுக்குத்தான், உனக்கில்ல. பதறுத மாணவன் ஒண்ணு வேணும்னாங்க. சொல்லிட்டா நீ பதற மாட்டியே."

"பனை இன்னும் கொஞ்சம் உசரமா இருந்திருந்தா?"

அதற்குள் தேர்வுக்கு வந்த அடுத்த பெண் விமானத்தில் ஏறிக் கதவை மூடியிருந்தாள். உலகம்மாள் ஓடிப்போய்க் கண்ணாடியில் இரண்டு கையாலும் அறைந்தாள்.

"இறங்கு பிள்ள. இறங்கிரு."

உள்ளே அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கைகளை இன்னும் அமுக்கிக்கொண்டாள்.